லரி ஹோம்ஸ் யாரை வென்றார், யாரைத் தவிர்த்தார்?

வாவிக்கரையான் (மட்டக்களப்பு)
நேற்றுப் பின்னேரம் கல்லடிப் பாலத்தடியில் தேத்தண்ணி குடிக்கும்போது, அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் லரி ஹோம்ஸைப் பற்றித் தொடங்கிய வாக்குவாதம் இது. அங்கே முடியவில்லை, இங்கே தொடர்கிறேன். கல்முனைத் தம்பி ஒருவர் சொன்னார்: "லரி ஹோம்ஸ் கிழடுகளையும் கற்றுக்குட்டிகளையும் அடித்தே இருபது தடவை பட்டத்தைக் காப்பாற்றினார்." எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

ஹோம்ஸ் ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) உலகப் பட்டம் எடுத்தது 1978 ஜூன் 9இல், லாஸ் வேகாஸில், கென் நோர்ட்டனை வென்று. நவம்பர் 10இல் எவாஞ்சலிஸ்டாவை ஏழாம் சுற்றில் வீழ்த்தி முதல் தடவை பட்டத்தைத் தக்கவைத்தார். அது நடந்து பதின்மூன்றாம் நாள் சூறாவளி வந்து எங்கள் ஊர்க் கூரைகளை அள்ளிக்கொண்டு போனது. அந்த வருஷம் உலகத்தில் வேறு என்ன நடந்தது என்று கேட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஹோம்ஸின் பெயரையே அப்பா பிறகு பழைய பத்திரிகை ஒன்றில்தான் பார்த்தார். அந்த மனிதனை நாற்பது வருஷத்துக்கு மேலாக நான் பின்தொடர்கிறேன். தொடர்ந்து 48 சண்டை தோல்வியில்லாமல் நின்றவரைக் கற்றுக்குட்டிகளை அடித்தவர் என்று சொல்ல விடமாட்டேன்.

கடலோரம் (கல்முனை)
அந்தத் தம்பி நான்தான். நான் சொன்னதை மாற்றவில்லை, அண்ணன். 1983ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். மார்ச்சில் லூசியன் ரொட்ரிகஸ். செப்டம்பரில் ஸ்கொட் ஃபிராங்க். நவம்பரில் மார்விஸ் ஃப்ரேசியர். ஜோ ஃப்ரேசியரின் மகன் என்பதைத் தவிர அந்தப் பிள்ளைக்கு என்ன இருந்தது? தொழில்முறையில் வெறும் பத்துச் சண்டை. முதல் சுற்றே முடியவில்லை. கயிற்றில் சாய்ந்து நின்றவரை அடித்துக்கொண்டே, போதும் நிறுத்துங்கள் என்று நடுவரைக் கையால் கூப்பிட்டவரே ஹோம்ஸ்தான். அதைப் பட்டச் சண்டையாக ஏற்க, அவர் பட்டத்துக்குரிய அமைப்பான டபிள்யூ.பி.சி.யே மறுத்தது. அந்த இருபதில் அதுவும் ஒன்று.

அந்த நேரம் கிரெக் பேஜ் வரிசையில் முதலாவதாகக் காத்திருந்தார். பேஜோடு மோதச் சொன்னபோது பணம் போதாது என்று ஹோம்ஸ் பட்டத்தையே கீழே வைத்துவிட்டு, அப்போதுதான் தொடங்கிய ஐ.பி.எஃப். என்ற புது அமைப்பின் பட்டத்தை எடுத்துக்கொண்டார். சம்பியன் என்றால் வரிசையில் நிற்பவனோடு மோத வேண்டும். பணக் கணக்கெல்லாம் அப்புறம்.

1980இல் முகமது அலியை வென்றதையும் வெற்றிப் பட்டியலில் எழுதுகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கவே மனம் வருவதில்லை. அலிக்கு 38 வயது. இரண்டு வருஷம் சண்டையே பிடிக்கவில்லை. தைரொயிட் மாத்திரை எடுத்து உடல் வற்றிப்போய் வந்து நின்றார். பத்துச் சுற்றையும் மூன்று நடுவர்களும் ஹோம்ஸுக்கே கொடுத்தார்கள். பதினோராம் சுற்றுக்கு அலி ஸ்டூலை விட்டு எழும்பவில்லை.

வாவிக்கரையான் (மட்டக்களப்பு)
அலி சண்டையை நானும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஹோம்ஸும் அதில் சந்தோசப்படவில்லை. அலியின் பயிற்சி முகாமில் வருஷக்கணக்காக அவருக்கு முன்னால் நின்று அடி வாங்கிப் படித்தவர் அவர். அதைத் தள்ளிவிட்டே கதைப்போம்.

நெல்வயல் (சம்மாந்துறை)
ஒருவனை வென்ற அன்று அவன் யார் என்று பார்ப்பதா, பிறகு அவன் என்ன ஆனான் என்று பார்ப்பதா? எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. 1979இல் மைக் வீவரைத் தோற்கடித்தபோது வீவரை யாரும் பெரிதாக எண்ணவில்லை. அடுத்த வருஷமே கடைசிச் சுற்றில் ஜோன் டேட்டை நொக் அவுட் செய்து, டபிள்யூ.பி.ஏ. என்ற இன்னொரு அமைப்பின் உலகப் பட்டம் எடுத்தார். 1981இல் பேர்பிக், 1983இல் விதர்ஸ்பூன், 1984இல் ஜேம்ஸ் ஸ்மித். மூவரும் ஹோம்ஸிடம் தோற்று, பிறகு உலகச் சம்பியன் ஆனவர்கள். வீவரோடு நாலு பேர். விதை நெல்லைப் பார்த்தவுடன் பதர் என்று சொல்லக் கூடாது தம்பி, முளைக்கும் வரையாவது பொறுக்க வேண்டும்.

கடலோரம் (கல்முனை)
காக்கா, முளைத்த பிறகு அறுத்தால்தானே விளைச்சல்? விதர்ஸ்பூன் அன்றைக்குப் பதினைந்தே சண்டை பிடித்தவர். அவரிடமே ஹோம்ஸ் தட்டுத்தடுமாறினார். மூன்று நடுவர்களில் ஒருவர் விதர்ஸ்பூன் வென்றதாகவே எழுதினார். மீண்டும் மோதக் கொடுத்தாரா? இல்லை. 1985இல் கார்ல் வில்லியம்ஸும் அதே கதை, ஹோம்ஸ் மயிரிழையில் தப்பினார். வில்லியம்ஸுக்கும் இரண்டாம் தடவை கிடைக்கவில்லை.

வாவிக்கரையான் (மட்டக்களப்பு)
பேஜ் பேஜ் என்கிறாய். ஹோம்ஸ் வைத்துவிட்டுப் போன அதே பட்டத்துக்காக 1984 மார்ச்சில் மோதியவர்கள் யார்? பேஜும் விதர்ஸ்பூனும். வென்றது விதர்ஸ்பூன், ஹோம்ஸ் ஏற்கனவே வென்ற ஆள். சில மாதத்தில் விதர்ஸ்பூனிடமிருந்து அதைப் பறித்தவர் பிங்க்லன் தோமஸ். தோமஸிடமிருந்து 1986இல் எடுத்தவர் பேர்பிக், அவரும் ஹோம்ஸிடம் 15 சுற்றுத் தோற்றவர். சுற்றிச் சுற்றி எங்கே வந்து நிற்கிறது பார்.

கடலோரம் (கல்முனை)
இந்தச் சங்கிலிக் கணக்கு குத்துச்சண்டையில் செல்லாது அண்ணன். 1973இல் நோர்ட்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார். 1974 மார்ச்சில் ஃபோர்மன் அதே நோர்ட்டனை இரண்டாம் சுற்றில் முடித்தார். உங்கள் கணக்குப்படி அந்த ஒக்டோபரில் ஃபோர்மன் அலியைச் சுருட்டியிருக்க வேண்டும். நடந்தது என்ன? எட்டாம் சுற்றில் ஃபோர்மன் தரையில். ஒவ்வொருவரின் பாணியும் வேறு. பேஜ் விதர்ஸ்பூனிடம் தோற்றதால் ஹோம்ஸிடமும் தோற்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகத்தானே ரிங்கில் ஏறச் சொல்கிறோம்.

நெல்வயல் (சம்மாந்துறை)
இதற்கு என்னிடம் பதில் இல்லை. நல்ல கேள்வி.

கையுறை மாஸ்டர் (கல்லடி)
இரண்டு நாளாக வாசிக்கிறேன். இங்கே பொடியன்களுக்குப் பின்னேரங்களில் குத்துச்சண்டை பழக்குகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பெயர்ப் பட்டியலை வைத்தே எல்லாரும் அடிபடுகிறீர்கள். ஹோம்ஸ் என்ன செய்தார் என்பதை யாரும் சொல்லவில்லை.

அவருடைய இடதுகை ஜாப், அதாவது முன்னால் நிற்கும் கையால் நேராகப் போடும் விரைவான குத்து. நாங்கள் பழக்குகிற எல்லாப் பிள்ளைகளும் ஜாப் போட்ட பிறகு கையைக் கீழே இறக்குவார்கள். "போன வழியாலேயே திரும்பி வா" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். ஹோம்ஸின் கை போன வழியாலேயே திரும்பும், அது திரும்புவதற்குள் கால் அரை அடி இடப்பக்கம் போய்விடும். எதிராளி அடிக்க வரும்போது ஆள் அங்கே இல்லை. அதே நேரம் இரண்டாவது ஜாப் அவன் முகத்தில். ஹெவிவெயிட்டில் இவ்வளவு நல்ல ஜாப் வேறு யாரிடமும் இருந்ததாக நான் நினைக்கவில்லை, அலியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நோர்ட்டன் சண்டைக்குச் சில நாள் முன்பு அந்த இடது புயத்தின் தசையில்தான் அவருக்குக் காயம். அந்தக் கையோடுதான் 15 சுற்று நின்றார். பதினான்கு சுற்று முடிந்தபோது மூன்று நடுவர்களின் தாளிலும் இருவரும் சமம். கடைசி மூன்று நிமிடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பேரும் ஒதுங்கவே இல்லை. வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, ஒருவரின் வியர்வை மற்றவர் முகத்தில் தெறிக்க, மாறி மாறி அடிக்கிறார்கள். முடிவு 143-142, ஒரே ஒரு புள்ளி, அதுவும் மூவரில் இருவர் மட்டும் கொடுத்தது.

1979 செப்டம்பரில் ஏர்னி ஷேவர்ஸின் வலதுகை ஏழாம் சுற்றில் ஹோம்ஸின் முகத்தில் விழுந்தது. அந்தக் காலத்தில் அதைவிடப் பாரமான வலதுகை இல்லை. மரம் சாய்ந்த மாதிரி மல்லாக்க விழுந்தார். அந்த மனிதன் எழும்பினார். எழும்பியது மட்டுமில்லை, பதினோராம் சுற்றில் ஷேவர்ஸை நடுவர் காப்பாற்ற வேண்டி வந்தது. நான் பொடியன்களுக்கு இந்த ஒரு சுற்றைப் போட்டுக் காட்டுவதுண்டு. விழுந்த பிறகு அவர் கால்களைப் பார்க்கச் சொல்வேன். முதல் இரண்டு அடி தள்ளாட்டம், மறுகா ஜாப் வெளியே வருகிறது, ஜாப் வந்தவுடன் கால் நேராகிறது.

கடலோரம் (கல்முனை)
மாஸ்டர், அவருக்குத் திறமை இல்லை என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அவ்வளவு திறமையுள்ளவர் ஏன் தோமஸோடும் பேஜோடும் மோதவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். 1984இல் டபிள்யூ.பி.ஏ. சம்பியன் ஜெரி கொட்சியோடு மோத ஏற்பாடானதும் பணத்தில் முறிந்தது. மூன்று பெரிய சண்டைகள் வரலாற்றில் இல்லாமலே போய்விட்டன. இழந்தது ஹோம்ஸ் மட்டுமா? பார்க்க ஆசைப்பட்ட நாமும்தான்.

வாவிக்கரையான் (மட்டக்களப்பு)
பேஜோடு மோதியிருக்க வேண்டும். சரி, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காலத்தில் டபிள்யூ.பி.ஏ. பட்டம் எத்தனை கை மாறியது என்று எண்ணிப் பார்: டேட், வீவர், டோக்ஸ், கொட்சி, பேஜ், டப்ஸ், விதர்ஸ்பூன், ஸ்மித். ஏழு வருஷத்தில் எட்டுப் பேர். ஒருவராலும் நிலைத்து நிற்க முடியவில்லை. இந்தப் பக்கம் ஒரே ஒரு மனிதன் ஏழு வருஷத்துக்கு மேல் சம்பியனாக நின்றான். 1985 செப்டம்பரில் மைக்கல் ஸ்பிங்ஸிடம் தோற்றபோது வயது 35, இன்னும் ஒன்று வென்றிருந்தால், தோல்வியே காணாத மார்சியானோவின் 49 வெற்றிக் கணக்கைத் தொட்டிருப்பார். அடுத்த ஏப்ரலில் ஸ்பிங்ஸோடு நடந்த இரண்டாம் சண்டையில் உண்மையில் ஹோம்ஸ்தான் வென்றார் என்று இன்றைக்கும் பலர் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன்.

நெல்வயல் (சம்மாந்துறை)
1988இல் மைக் டைசன் ஹோம்ஸை நாலாம் சுற்றில் முடித்ததை மட்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அன்றைக்கு ஹோம்ஸ் 38 வயது, கிட்டத்தட்ட இரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டு வந்தவர். முழு வாழ்நாளில் 75 சண்டை, அவரை இடையில் நிறுத்தியது அந்த ஒரு சண்டைதான்.

கையுறை மாஸ்டர் (கல்லடி)
அதற்குப் பிறகும் ஒன்று இருக்கிறது. 1992 பெப்ரவரி, ரே மேர்சர். 1988 ஒலிம்பிக் தங்கம், தொழில்முறையில் தோல்வியே இல்லை. ஹோம்ஸுக்கு 42. ஓட உடம்பில் தெம்பில்லை என்று அவருக்கே தெரியும். முதுகை மூலையில் சாய்த்துக்கொண்டு மேர்சரைக் கிட்ட வரவிட்டு, வரும்போதே குத்தினார். பன்னிரண்டு சுற்று. மூன்று நடுவர்களும் ஹோம்ஸுக்கே கொடுத்தார்கள். தம்பி, பிஞ்சுகளை அடித்தார் என்றாயே, இது பிஞ்சு இல்லை. அடித்தவர்தான் கிழவர்.

கடலோரம் (கல்முனை)
மேர்சர் சண்டையை நான் பார்த்ததில்லை. இன்றிரவு பார்க்கிறேன். ஆனால் 1983 பற்றி நான் சொன்னது சொன்னதுதான்.

கையுறை மாஸ்டர் (கல்லடி)
பார். மேர்சரின் கையைப் பார்க்காதே, ஹோம்ஸின் இடது தோளைப் பார். ஜாப் புறப்படுவதற்கு முன்னம் அது அசையாது.