ஜிப், டார் கோப்பிலிருந்து எடிட்டர் நிறுவியபோது உங்களுக்கு நடந்தது என்ன?

லேப்_உதவியாளர்

கல்லூரி ஆய்வகத்தில் நடந்தது. கணினிகள் எல்லாம் டெபியன் லினக்ஸ், எல்லாம் 64 பிட், நெட் கிடையாது. ஒரு மாணவர் பென்டிரைவில் விஎஸ் கோடு எடிட்டரின் டார் கோப்பைக் (லினக்ஸில் ஜிப் மாதிரி ஒரு பொதி) கொண்டுவந்து பிரித்துவிட்டு, ஓடவில்லை என்று கூப்பிட்டார். டெர்மினலில் நானே ஓட்டிப் பார்த்தேன். 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்றது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் போட்டால் கோப்பு இருக்கிறது. பச்சை நிறத்தில், இயங்கும் அனுமதியோடு இருக்கிறது. மறுபடி ஓட்டினால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சாதிக்கிறது. மாணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

கோப்பின் வகையைச் சொல்லும் 'ஃபைல்' கமாண்டு கொடுத்ததும்தான் விஷயம் வெளியே வந்தது. அது 32 பிட் டார். அப்போதெல்லாம் 32 பிட்டுக்கும் தனியாக வந்துகொண்டிருந்தது. 32 பிட் நிரலைக் கிளப்பிவிட ஒரு லோடர் வேண்டும், அது அந்தக் கணினிகளில் இல்லை. இல்லை என்றது லோடரைத்தான், எடிட்டரை அல்ல. எது இல்லை என்று பெயரைச் சொல்லித் தொலைத்தால் என்ன? 64 பிட் டார் வந்ததும் ஓடிவிட்டது. ஆனால் அந்த வரியை எங்கே பார்த்தாலும் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. உங்கள் கதையையும் எழுதுங்கள்.

ஆஃப்செட்_மை

உங்களுடையது பொய் சொன்னது, என்னுடையது உண்மையைச் சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை. சிவகாசிப் பக்கம் ஓர் அச்சகம், பழைய டெஸ்க்டாப், டெபியன் 8. நானோ எடிட்டரின் புதிய சோர்ஸ் (மூல நிரல்) டார் கோப்பை பென்டிரைவில் கொண்டுபோனேன். பிரிக்கும்போதே ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு எச்சரிக்கை, 'இதன் தேதி எதிர்காலத்தில் இருக்கிறது, இத்தனை நொடி' என்று. நொடிக்கணக்கு கோடிகளில். திரை முழுக்க ஓடியது. சரி, எச்சரிக்கைதானே என்று, கட்டும் முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகரை ஓட்டினேன். தொடங்கியதுமே நின்றுவிட்டது. இப்போது உருவாக்கிய கோப்பு டாரில் வந்த கோப்புகளைவிடப் பழையதாக இருக்கிறதாம், கடிகாரத்தைப் பாருங்கள் என்கிறது.

அச்சக முதலாளி பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, கம்ப்யூட்டர் மணி கேக்குதா?" என்றார்.

கேட்கத்தான் செய்தது. மதர்போர்டில் இருக்கும் அந்த வட்ட பேட்டரி, சிஆர் 2032, செத்துப்போய் எத்தனை காலமோ. ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் அந்தக் கணினிக்கு அது வாங்கிய புதிதில் இருந்த வருஷம்தான். தேதியைச் சரிசெய்து, டாரை மறுபடி பிரித்து ஓட்டினால் சத்தமில்லாமல் முடிந்தது. கைக்கடிகாரக் கடையில் பேட்டரி வாங்கிப் போட்டுவிட்டு வந்தேன்.

ரெப்போ_பக்தன்

மேலே ஆஃப்செட்_மை சொன்னது எனக்குப் புரியவில்லை. டெபியனிலேயே நானோ இருக்கிறது, நிறுவும்போதே கூட வந்துவிடுகிறது. அதைப் போய் யாராவது சோர்ஸிலிருந்து கட்டுவார்களா? இந்த இழையே தேவையில்லாத வேலைகளின் பட்டியலாகப் போய்க்கொண்டிருக்கிறது. டெபியனின் ரெப்போவிலிருந்து (அதன் சொந்த மென்பொருள் கிடங்கு) இறக்கி நிறுவும் ஆப்ட் இன்ஸ்டால், ஒரே வரி, முடிந்தது.

ஆஃப்செட்_மை

ரெப்போ_பக்தன் சார், டெபியன் 8-இல் இருந்தது நானோ 2.2.6. பக்கவாட்டில் வரி எண் காட்டும் வசதி 2.7 வரிசையில்தான் வந்தது. விலைப்பட்டியல் கோப்பில் 'நானூத்திப் பன்னிரண்டாம் வரி தப்பு' என்று போனில் சொல்கிறவர்களுக்கு அந்த எண் கண்ணில் தெரிய வேண்டும். அப்புறம், அந்தக் கணினிக்கு நெட்டே கிடையாது என்பதால்தான் பென்டிரைவ். ஆப்ட் எதிலிருந்து இறக்கும்?

ஓய்வுபெற்ற_எழுத்தர்

நான் விண்டோஸ்காரன், இந்தக் கான்ஃபிகர் எல்லாம் தெரியாது. எங்கள் அலுவலகத்தில் நோட்பேட்++ எடிட்டரின் போர்ட்டபிள் (நிறுவாமலே ஓடும்) ஜிப்பைப் பிரித்து புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைத்தார் எங்கள் ஆள். ஒழுங்காகத்தான் ஓடியது. பழைய பதிவேடுகளின் வரிகளைத் திருத்த அதில் நான் மேக்ரோக்கள் சேர்த்து வைத்திருந்தேன். கணினியை ஃபார்மட் செய்யும் முன், போர்ட்டபிள்தானே என்று அந்த ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் எடுத்தார்கள். ஃபார்மட் முடிந்து திறந்தால் மேக்ரோ மெனு காலி. அச்சுக் குலையாமல் புதுசு மாதிரி இருக்கிறது.

பிறகு தெரிந்த காரணம் இது. அந்த ஜிப்பில் டூலோக்கல்கான்ஃப் என்று ஒரு காலிக் கோப்பு வரும். அது இருந்தால் அமைப்புகளெல்லாம் அதே ஃபோல்டரில் சேமிக்கப்படும். ஆனால் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைத்தால் அந்தக் கோப்பை நோட்பேட்++ கண்டுகொள்ளாது, எல்லாவற்றையும் பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டரில் எழுதும். என் மேக்ரோக்கள் ஆப்டேட்டாவில் இருந்தன. ஆப்டேட்டா ஃபார்மட்டில் போனது. திரும்ப எழுத மனசு வரவில்லை, அதற்குள் ஓய்வும் வந்துவிட்டது.

பாதுகாப்பு_முதலில்

என் கதை சின்னது. தேடியபோது முதலில் வந்த விளம்பரத்தைச் சொடுக்கி உறவினர் ஒருவர் ஒரு எடிட்டர் ஜிப் இறக்கினார். உள்ளே எடிட்டர் இல்லை, பிரவுசர் டூல்பார்தான் இருந்தது. அவ்வளவுதான்.

ஆனால் இங்கே யாருமே சரிபார்ப்பது பற்றிப் பேசவில்லை, அதனால் சொல்கிறேன். எடிட்டரை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இறக்கியதும் எஸ்ஹெச்ஏ-256 எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஹாஷ் எண்) தளத்தில் போட்டிருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விண்டோஸில் பவர்ஷெல்லின் கெட்-ஃபைல்ஹாஷ் போதும், தனி மென்பொருள் வேண்டாம். அடுத்து, நெட்டிலிருந்து வந்த ஜிப்புக்கு விண்டோஸ் ஒரு முத்திரை குத்தி வைக்கும். அதை விண்டோஸே பிரித்தால் உள்ளே இருக்கும் கோப்புகளிலும் அந்த முத்திரை ஒட்டிக்கொள்ளும். சரிபார்த்து முடித்த ஜிப்பாக இருந்தால், பிரிக்கும் முன்பே புராபர்ட்டீஸில் அன்பிளாக் செய்துவிடுங்கள், பிறகு ஒவ்வொன்றோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஜிப்புக்குள் நுழைந்து அங்கேயே எக்ஸ்இ கோப்பை இருமுறை சொடுக்காதீர்கள். விண்டோஸ் அந்த ஒரு கோப்பை மட்டும் தற்காலிக ஃபோல்டரில் பிரித்து ஓட்டப் பார்க்கும், கூடப் பிறந்த டிஎல்எல் துணைக் கோப்புகள் எல்லாம் ஜிப்பிலேயே கிடக்கும். லினக்ஸ்காரர்கள் டாரைப் பிரிக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். சில டார்கள் தனக்கென்று ஒரு ஃபோல்டர் இல்லாமல் நிற்கும் இடத்திலேயே அத்தனையையும் கொட்டிவிடும். கான்ஃபிகரையும், நிரலைக் கட்டும் மேக் கட்டளையையும் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஓட்டாதீர்கள். ப்ரிஃபிக்ஸை (நிறுவும் இடம்) சொந்த ஹோம் ஃபோல்டருக்குள் கொடுத்தால், ரூட் அதிகாரம் தரும் சூடோவே தேவைப்படாது. கட்டிய ஃபோல்டரை அழிக்காதீர்கள், பின்னால் அன்இன்ஸ்டால் செய்ய அது வேண்டும். இன்னும் சொல்லலாம், நேரமில்லை.

விம்_விசிறி

நேரமில்லாமலே இவ்வளவா, பாதுகாப்பு_முதலில்! ஒன்று மட்டும் மறுக்கிறேன். ஹாஷ் எண்ணும் கோப்பும் ஒரே தளத்தில் இருந்தால், தளத்துக்குள் நுழைந்தவன் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்றுவான். பாதி வழியில் கெட்டுப்போன கோப்பைக் கண்டுபிடிக்க ஹாஷ் உதவும். திருட்டைப் பிடிக்க டெவலப்பரின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டும்.

என் விஷயம். விம் எடிட்டரின் சோர்ஸ் டார், கான்ஃபிகர் ஒரு குறையும் சொல்லாமல் முடிந்தது, மேக் முடிந்தது, நிறுவியாயிற்று. பிரவுசரில் காப்பி செய்ததை விம்மின் பிளஸ் ரிஜிஸ்டரிலிருந்து (கணினியின் கிளிப்போர்டுக்கு விம்மில் உள்ள பெயர்) ஒட்டினால் வரவே இல்லை. பதிப்பு விவரத்தை எடுத்துப் பார்த்தால் 'கிளிப்போர்டு' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன மைனஸ். திரைச் சாளரங்களைக் கையாளும் எக்ஸ் விண்டோவின் டெவலப்மென்ட் ஹெட்டர்கள் இல்லாததால் அந்த வசதியையே கழற்றிவிட்டுக் கட்டியிருக்கிறது. டெர்மினல் நூலகம் இல்லையென்றால் மட்டும் பெரிய எழுத்தில் நின்றுவிடும், இதற்கு வாயே திறக்காது. லேப்_உதவியாளருக்காவது ஏதோ ஒரு பிழைச் செய்தி வந்தது.

ஆப்பிள்_சந்தா

ஆப்பிளின் மேக் கணினியில் நடந்தது. விஎஸ்கோடியம் எடிட்டர் ஜிப்பை இறக்கி, டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்தே திறந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என் தங்கை. ஒருநாள் எடிட்டர் எங்கிருந்து ஓடுகிறது என்று பார்த்தால், பாதையில் டவுன்லோட்ஸே இல்லை. ஆப்டிரான்ஸ்லோகேஷன் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் தாறுமாறான எழுத்துகளும் எண்களும். வைரஸ் என்றே முடிவுகட்டி வைஃபையை அணைத்துவிட்டாள்!

வைரஸ் இல்லை. 2016-இல் வந்த சியேராவிலிருந்து, நெட்டில் இறக்கிய செயலியை இடம் மாற்றாமல் திறந்தால், மேக்ஓஎஸ் அதைப் படிக்க மட்டும் முடிகிற ஒரு தற்காலிக இடத்தில் வைத்து ஓட்டும். ஃபைண்டரில் பிடித்து அப்ளிகேஷன்ஸுக்குள் இழுத்துப் போட்டால் சரியாகிவிடும். டெர்மினலில் எம்வி கட்டளை போட்டு நகர்த்தினால் அது கணக்கில் வராது, அந்தக் கூத்தையும் பார்த்தோம்.

ரெப்போ_பக்தன்

ஆஃப்செட்_மை சொன்ன நெட் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விம்_விசிறிக்கு நெட் இருந்ததே? விம்-ஜிடிகே பேக்கேஜ் ரெப்போவிலிருந்து போட்டிருந்தால் கிளிப்போர்டு பிளஸ்ஸோடே வந்திருக்கும்.

இரட்டை_பூட்

அச்சகக் கடிகாரக் கதையைப் படித்ததும்தான் என்னுடையது நினைவுக்கு வந்தது. ஈமேக்ஸ் எடிட்டரைச் சோர்ஸிலிருந்து கட்டிக்கொண்டிருந்தேன். கான்ஃபிகர் முடிந்தது, நெட் இல்லை. வைஃபை வந்த பிறகு மேக் ஓட்டினால், ஒரு கோப்பு எதிர்காலத்தில் இருக்கிறது, கட்டுவது அரைகுறையாக முடியலாம் என்கிறது. எத்தனை நொடி என்று பார்த்தால் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். பேட்டரி புதுசு. அந்த எண்ணையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், கால்குலேட்டரில் 3600-ஆல் வகுத்தேன், ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. ஐந்தரை மணி நேரம்! நம்ம இந்திய நேரம்.

அதே கணினியில் விண்டோஸும் இருக்கிறது. விண்டோஸ் ஹார்டுவேர் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் அதையே யூடிசி (உலகப் பொது நேரம்) என்று நம்பி அதன்மேல் ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ளும். அந்தத் தப்பான நேரத்தில்தான் கான்ஃபிகர் தன் கோப்புகளை எழுதியது. நெட் வந்ததும் கடிகாரம் தானாகத் திருந்திவிட்டது, கோப்புகளின் தேதி திருந்தவில்லை. விண்டோஸையும் யூடிசியில் எழுதவைக்க, அதன் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்தேன். பழைய ஃபோல்டரை அழித்து, மறுபடி பிரித்துக் கட்டினேன்.

ஆஃப்செட்_மை

அந்த ரெஜிஸ்ட்ரி வரியைக் கொஞ்சம் போடுங்களேன். அச்சகத்தில் புதுசாக வாங்கிய கணினியிலும் விண்டோஸ், லினக்ஸ் ரெண்டும் இருக்கிறது.