ஹோண்டா சிவிக் வரலாறு: ஏழாம் தலைமுறை குறித்து உதவி தேவை

உறுப்பினர்களுக்கு வணக்கம். 1972இல் ஜப்பானில் அறிமுகமான ஹோண்டா சிவிக் காரின் பதினொரு தலைமுறைகளைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். வினையூக்கி மாற்றி (வெளியேறும் புகையின் நச்சைக் குறைக்கும் கருவி) இல்லாமலேயே அமெரிக்காவின் கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதிகளை நிறைவு செய்த, எரிபொருளைத் தூய்மையாக எரிக்கும் ஹோண்டாவின் சிவிசிசி எஞ்சினும், 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து முதல் தலைமுறையை உலகறியச் செய்த கதையை எழுதி முடித்துவிட்டேன். (அதுவே தனிக் கட்டுரைக்குப் போதும்.)

சிக்கல் பின்னால்தான் வருகிறது. 1987இல் வந்த நான்காம் தலைமுறையிலிருந்து முன்சக்கரங்களுக்கு இருந்த இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷனை (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்கும் அமைப்பு) கைவிட்டு, 2000இல் வெளிவந்த ஏழாம் தலைமுறையில் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்புக்கு (மேல் கைக்குப் பதிலாக அதிர்வு தாங்கித் தண்டே சக்கரத்தைப் பிடிக்கும் எளிய அமைப்பு) ஹோண்டா திரும்பியது. இதற்குச் செலவுக் குறைப்பு மட்டுமே காரணமா, அல்லது உட்புற இடவசதியும் கணக்கில் கொள்ளப்பட்டதா? இரண்டு வகைகளையும் ஓட்டியவர்களோ பழுதுபார்த்தவர்களோ, வளைவுகளில் தாங்கள் உணர்ந்த வேறுபாட்டையும் சேர்த்து எழுதினால் பேருதவியாக இருக்கும்.

இந்தியாவில் 2006இல் விற்பனைக்கு வந்தது எட்டாம் தலைமுறை என்பதால், அதற்கு முந்தையவற்றை இங்கே நேரில் பார்ப்பது அரிது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள உறுப்பினர்களிடம் பழைய சிவிக் விளம்பரத் தாள்களோ, பயனர் கையேடுகளோ இருந்தால், அவற்றின் படங்களைப் பகிருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.