ஜீப்பின் அச்சுக்குள் தண்ணீர்: மதுரையில் நல்ல மெக்கானிக் யார்?

வணக்கம் நண்பர்களே. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களுடன் கள்ளிக்குடிப் பக்கம் வண்டிப்பாதையில் பழைய ஜீப்பை ஓட்டிப்போனோம். காலையிலேயே சீமைக் கருவேல முள் டயரைப் பதம் பார்த்துவிட்டது. ஸ்டெப்னி மாற்றிக் கிளம்பினால், இரவு பெய்த மழையில் ஊறிய கரிசல் மண் டயரின் பள்ளங்களையெல்லாம் அப்பி மூடிவிட்டது. நான்கு சக்கரமும் சுழன்றன, வண்டி அசையவில்லை. அதற்குமுன் கடந்த ஓடையிலும் அச்சு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். ஊர்க்காரர் ஒருவர் டிராக்டரால் இழுத்துவிட்டார். டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

இப்போது பின் அச்சின் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) ஆயில் தண்ணீர் கலந்து பால் ஊற்றிய காப்பி போல் இருக்கிறது. ஓடிச் சூடான அச்சு நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். அச்சுக்குள் காற்று போய்வரும் சிறு துவாரமான பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாக நீர் உள்ளே போகும். அதுதான் நடந்திருக்க வேண்டும். ஆயிலை மட்டும் மாற்றினால் போதுமா, பேரிங்கையும் பிரித்துப் பார்க்க வேண்டுமா? நான்கு சக்கரங்களுக்கும் விசை கொடுக்கப் போடும் லீவரும் இறுகிக் கிடக்கிறது. மதுரையிலோ திருமங்கலத்திலோ பழைய ஜீப் வேலை தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள். பிரீதருக்குக் குழாய் மாட்டி மேலே ஏற்றியவர்கள் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தினீர்கள் என்பதையும் எழுதுங்கள். அதுவரை வண்டியை எடுக்கப்போவதில்லை.