புதுப்பிப்பு: தனியாக அங்கோர் வாட் போய் வந்துவிட்டேன்

சிங்கப்பூரிலிருந்து முதல்முறை தனியாகப் போகிறேன், கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலுக்கு ஒரு நாள் சீட்டு போதுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

மூன்று நாள் சீட்டு வாங்கச் சொன்ன அக்காவின் யோசனைதான் கைகொடுத்தது. 62 அமெரிக்க டாலர். ஒரு நாள் சீட்டு 37. பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம்.

எதிர்பாராதது ஒன்று: முதல் நாள் பௌத்தர்களின் புனித நாள். நடுக்கோபுர மேல்தளம் மூடியிருந்தது. மறுநாள் ஏறினேன். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம்.

அப்புறம், கிழக்குச் சுற்றில் பாற்கடல் கடையும் சிற்பத்தைத் தவறவிடாதீர்கள். கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளம். பாட்டி சொன்ன கதை கல்லில் நீண்டுகொண்டே போனது. கண் கலங்கி, ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன்.

புது விமான நிலையம், கோயிலுக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப்பிலிருந்து தூரம். வண்டியை முன்பே பேசிவிடுங்கள்.