இறால் பண்ணைக் கொட்டகையில் பிளீச்சிங் பவுடரையும் டீசலையும் ஒன்றாக வைக்கலாமா?

கேள்வி – தொண்டி பண்ணைக்காரர்:
தொண்டிக்குத் தெற்கே கடலோரத்தில் இறால் பண்ணை நடத்துகிறோம். குளத்து நீரைக் கிருமிநீக்கம் செய்ய வாங்கிய பிளீச்சிங் பவுடரில் சில மூட்டைகள் சென்ற பருவத்திலிருந்து மீந்துள்ளன. வாடைக்காலத்து ஈரத்தில் கட்டிதட்டி, நெடியும் குறைந்துவிட்டது. கொட்டகை ஒன்றே என்பதால் ஜெனரேட்டருக்கான டீசல் பேரலும் யூரியா மூட்டைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. பிளீச்சிங் பவுடர் எரியாத பொருள்தானே, அப்படியே விடலாமா? பழையது இனிப் பயன்படுமா?

பதில் – வேதியியல் ஆசிரியர்:
ஐயா, அது தானாக எரியாது என்பது உண்மை. ஆனால் அதிலுள்ள கால்சியம் ஹைப்போகுளோரைட் வலிமையான ஆக்சிஜனேற்றி (பிற பொருள்களுக்கு ஆக்சிஜன் கொடுத்து எரியத் தூண்டுவது) என்பதால், டீசல், கிரீஸ், எண்ணெய் தோய்ந்த துணி ஆகியவற்றோடு கலந்தால் சூடேறி, தீப்பொறி இல்லாமலேயே பற்றிக்கொள்ளக்கூடும். யூரியாவோடு ஈரத்தில் சேர்ந்தால் நைட்ரஜன் டிரைகுளோரைடு என்னும் வெடிக்கும் சேர்மம் உருவாகலாம். கழிப்பறை கழுவும் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமான அந்த வாயு தரையோடு தங்குவதால், குனிந்து வேலை செய்பவரை முதலில் தாக்கும். இடையில் தார்ப்பாய் கட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம். டீசலையும் யூரியாவையும் இன்றே வேறிடத்துக்கு மாற்றுங்கள்.

பதில் – மண்டபம் வாசகர்:
பழைய பவுடரைப் பற்றி: புதிதாக வரும்போது ஏறத்தாழ 33 விழுக்காடு குளோரின் தரும் பவுடர், வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் பட்டால் வலுவிழந்துகொண்டே போகும். ஆயிரம் லிட்டர் நீருக்கு 10 கிராம் குளோரின் வேண்டுமென்றால் 30 விழுக்காட்டுப் பவுடரில் 33 கிராம் போதும். 15 விழுக்காடாக இறங்கியிருந்தால் 67 கிராம் வேண்டும். நெடியை வைத்து இதைக் கணிக்க முடியாது, ஆய்வகத்தில் சோதித்த பிறகே அளவை முடிவு செய்யுங்கள். நீரின் pH (அமில-கார அளவு) கூடக் கூட குளோரினின் கொல்லும் திறன் குறையும். அளவில் தவறினால் கிருமி தப்பிவிடும்.

தொண்டி பண்ணைக்காரர்:
மிக்க நன்றி. தீ வந்தால் அணைக்க மணல் வாளிகள் வைத்திருக்கிறோம், அவை போதுமா?

பதில் – வேதியியல் ஆசிரியர்:
போதாது. மணல் காற்றை மறைத்துத் தீயை அணைப்பது. பிளீச்சிங் பவுடரோ ஆக்சிஜனைத் தானே கொடுக்கும். எட்ட நின்று நிறையத் தண்ணீர் அடிப்பதே வழி. அம்மோனியம் பாஸ்பேட் உலர்தூள் சிலிண்டரை இதன்மேல் பயன்படுத்தக் கூடாது. டீசல் தீக்கோ தண்ணீர் ஆகாது. இரண்டையும் பிரித்து வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரைக்கும்போது பிளாஸ்டிக் தொட்டியில் முதலில் தண்ணீரை நிரப்பி, அதில் பவுடரைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். பவுடரின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, கண்ணாடியும் ரப்பர் கையுறையும் குளோரினுக்குரிய வடிகட்டி பொருத்திய முகமூடியும் அணியுங்கள், ஏனெனில் துணி கட்டினால் வாயு நிற்காது. சிந்தியதை மூட்டைக்குள் திரும்ப அள்ளவோ குப்பைக் கூடையில் கொட்டவோ வேண்டாம். மீந்த மூட்டைகளை ஓடையில் கரைத்தால் மீன்குஞ்சுகள் செத்துவிடும். சோதனையில் வலு தெரிந்தபின், இறால் விடுவதற்கு முன்பு குளத்து நீரைச் சுத்தம் செய்யும்போதே அவற்றைத் தீர்த்துவிடுங்கள்.