முடக்குவாதம்: முட்டியில எடுத்த தண்ணி கண்ணை விட்டுப் போகலை

மலர்_செந்தூல்:
தீபாவளிக்கு நாலு நாள். அம்மாவால முறுக்கு அச்சைப் பிழிய முடியலை. காலையில விரல் மடங்கவே பத்து மணி ஆகும், வயசுன்னு விட்டுட்டேன். முட்டி வீங்கினதும்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஊசியால உறிஞ்சினார். மஞ்சளா, கலங்கலா வந்துச்சு. கிருமி புகுந்திருச்சுன்னே நினைச்சேன். ரிசல்ட் வந்ததும் சொன்னார்: "கிருமி இல்லைமா. கலங்கல் பூரா அவங்களோட வெள்ளை அணு. முடக்குவாதத்துல அவங்க எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குது." எதிர்ப்புச் சக்தி கூடணும்னு ஆறு மாசமா நான்தான் கசாயம் காய்ச்சிக் கொடுத்தேன்.

ராஜன்_பட்டர்வொர்த்:
மலர்மா, கசாயத்தால வந்த நோய் இல்லை, மனசைப் போட்டு வாட்டிக்காதீங்க. எனக்கு டிஎன்எஃப்னு வீக்கத்தைத் தூண்டுற ஒரு புரதத்தை அடக்குற ஊசி போடணும்னாங்க, 1992ல லண்டன்ல முதல்ல போட்டுப் பார்த்த ரகம். அதுக்கு முன்னாடி காசநோய் டெஸ்ட். இருமலே இல்லாதவனுக்கு எதுக்குன்னு சத்தம் போட்டேன். பாசிட்டிவ். தோட்டத்துல தாத்தா பக்கத்துல படுத்து வளர்ந்தவன் நான். அவர் இருமி இருமித்தான் போனார். என் மூட்டை வீங்க வச்ச அதே டிஎன்எஃப்தான் அந்தக் கிருமியைச் சுத்தி இத்தனை வருஷமா அணுக்களைச் சுவராக் காவல் நிக்க வச்சிருக்கு. "வீட்ல யாருக்காவது இருந்துச்சா?"ன்னு டாக்டர் கேட்டப்போ எனக்கு வாய் வரலை. முதல்ல காசநோய் மாத்திரை, அப்புறம்தான் ஊசி.

கோமதி_ஆயர்ஈத்தாம்:
ராஜன் அண்ணே, கசாயத்தை அப்படி லேசா விடாதீங்க. நோய் அதனால வராது, சரி. ஆனா சில மூலிகை ஈரலைப் பாதிக்கும், இந்த நோய்க்குக் கொடுக்கிற மெதோட்ரெக்ஸேட் மாத்திரையும் பாதிக்கும். டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாது. எங்க அக்கா வாரத்துக்கு ஒரு நாள் போட வேண்டியதைத் தினமும் போட்டுட்டாங்க. வாயெல்லாம் புண், ரசம்கூட இறங்கலை, துப்பினா ரத்தம். மலர், நாள்காட்டியில ஒரு கிழமையை வட்டம் போடுங்க. அதோட பக்க விளைவைக் குறைக்கிற ஃபோலிக் அமிலம் டாக்டர் சொன்ன நாள்ல. ரத்த டெஸ்டைத் தவற விடாதீங்க. வலி குறையப் பல வாரம் ஆகும், நடுவுல நிறுத்தாதீங்க. இன்னொண்ணு, நீங்க பார்த்த வெள்ளை அணு தானா வரலை. வேற ரக எதிர்ப்பு அணுக்கள்தான் கூப்பிடுது: டி செல் தூண்டி விடுது, பி செல் சொந்த உடம்புக்கே எதிரா ஆன்டிபாடி செய்யுது, மேக்ரோபேஜ் டிஎன்எஃப்பைக் கொட்டுது. அதுக்கப்புறம்தான் இந்தக் கூட்டம் ஊசிக்குழாய்க்கு வருது. எலும்பை அரிக்கிறது வேற செல். அதனால தண்ணி எடுத்தாச்சேன்னு மருந்தை விட்டுடாதீங்க.

மலர்_செந்தூல்:
அக்கா, இப்பதான் மருந்து உறையைப் பார்த்தேன். வாரம் ஒரு முறைன்னு மலாய்ல இருக்கு. அம்மாவுக்கு மலாய் படிக்கத் தெரியாது. ரெண்டு வாரத்து மாத்திரைதான் குறைஞ்சிருக்கு. ரெண்டு தடவை எண்ணிட்டேன்.