ஊதிய மானியமா, கூலி உம்பளமா?

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். தொழிலாளர் பொருளியல் பாடநூலில் ஓர் அத்தியாயத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். வேலையில்லாதவரைச் சேர்த்துக்கொண்டால் அவர் சம்பளத்தில் ஒரு பங்கை அரசே முதலாளிக்குத் தரும் ஏற்பாட்டை 'ஊதிய மானியம்' என்று எழுதினேன். வரைவைப் படித்த மாணவி, "கேஸ் மானியம் மாதிரி தொழிலாளியின் கணக்கில் விழுமா?" என்கிறாள். பணம் யாருக்கு என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

புலவர்:
மானியம் வடசொல். ஊதியமோ, "ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு" என்ற குறளில் ஆதாயம். "மெய்வருத்தக் கூலி தரும்" என்றாரே, கூலிதான் சரி. மானியத்துக்கு 'உம்பளம்' உண்டு. ஊழியத்துக்காக இறையிலியாக, அதாவது வரியின்றி, விட்ட நிலம். 'கூலி உம்பளம்' என்க.

கல்லூரி ஆசிரியர்:
ஐயா, என் வகுப்பில் உம்பளச்சேரி மாடுதான் நினைவுக்கு வரும். அதோடு, உம்பளம் போனது ஊழியம் செய்தவனுக்கு. இங்கே பணம் வேலை கொடுப்பவனுக்கல்லவா?

புலவர்:
அந்த ஊர்ப்பெயருக்கும் அதுவே வேர் என்பது என் துணிபு. சம்பாவும் அளமும், அதாவது நெல்லும் உப்பும், சேர்ந்ததே சம்பளம் என்றும்...

கல்லூரி ஆசிரியர்:
ஐயா, வெள்ளிக்கிழமை!

பொருளியல்காரர்:
பணம் யாருக்கு என்பதோடு, சீட்டு யார் கையில் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டேட்டனில் 1980-81இல் ஒரு சோதனை நடந்தது. அரசு உதவியில் வாழ்ந்தவர்கள் சிலரிடம், 'இவரைச் சேர்த்தால் சம்பளத்தில் பங்கு தருகிறோம்' என்ற சீட்டைக் கொடுத்து வேலை தேட அனுப்பினார்கள். சீட்டு வைத்திருந்தவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்குத்தான் வேலை கிடைத்தது. சீட்டில்லாதவர்களில் சுமார் 21. நீட்டிய சீட்டே 'இவரிடம் ஏதோ குறை' என்று முதலாளிகளுக்குக் காட்டிக்கொடுத்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கேரி பர்ட்லெஸ் தந்த விளக்கம்.

புலவர்:
பார்த்தீர்களா! மானியம் என்பதற்கு வடமொழியில் மதிக்கத்தக்கது என்று பொருள். சீட்டோ இருந்த மதிப்பையும் கெடுத்திருக்கிறது. பெயரே பொய்.

மொழிபெயர்ப்பாளர்:
அழகான வாதம்தான் ஐயா, ஆனால் மாணவருக்குப் புரிய வேண்டுமே. முதல் இடத்தில் 'வேலையளிப்போருக்கான ஊதிய மானியம்', அப்புறம் வெறும் 'ஊதிய மானியம்'. மூன்று பேர் சரி என்கிறார்கள், அனுப்பிவிடுகிறேன். மானியம் இல்லாவிட்டாலும் சேர்த்திருக்கக்கூடியவருக்கே பணம் போய்ச் சேரும் வீணுக்கும் ஒரு சொல் தேவை. விவாதம் வேண்டாம், வாக்கியமாகவே எழுதிக்கொள்கிறேன்.

புலவர்:
எதற்கு வாக்கியம்? விழலுக்கு இறைத்த நீர்: 'விழலிறைப்பு'. உம்பளத்தையும் நான் விடுவதாயில்லை அம்மா, அடிக்குறிப்பிலாவது போடுங்கள்.